எதிர்க்கட்சி உறுப்பினர் கேட்கும் கேள்வியால் சிங்கப்பூரில் எதுவும் மாறுகிறதா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: எம்ஆர்டி ரயில் கோளாறு, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டு விலை, பொதுச் சேவைகள் என்று எதிர்க்கட்சி உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் ஓயாமல் கேள்வி கேட்கிறார்கள். அமைச்சர் எழுந்து பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். வாக்கெடுப்பு என்று வந்தால் ஆளும் மக்கள் செயல் கட்சிதான் (மசெக) வெல்லப் போகிறது. அப்புறம் எதற்கு இந்தக் கேள்விகள்?

வாக்கெடுப்பில் வெல்வதற்காக யாரும் அந்தக் கேள்விகளைக் கேட்பதில்லை. அரசாங்கத்திடம் மட்டும் இருக்கும் தகவலைப் பொதுவில் கொண்டுவருவதும், அமைச்சர் சொல்லும் காரணத்தை அவர் பெயரிலேயே பதிவேட்டில் ஏற்றுவதும்தான் அவற்றின் வேலை. அந்த வேலையைச் செய்து முடித்த கேள்விகள் இருக்கின்றன. செய்யாமலே போன கேள்விகளும் நிறைய இருக்கின்றன. பல வருடங்களாக நாடாளுமன்ற அறிக்கைகளைப் படித்து வருகிறவன் என்ற முறையில், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

எண்ணிக்கையை மறைக்க வேண்டியதில்லை. 2025 மே மாதப் பொதுத்தேர்தலில் 97 இடங்களில் 87 மசெகவுக்கு, 10 பாட்டாளிக் கட்சிக்கு. பாட்டாளிக் கட்சியிலிருந்தே இன்னும் இருவர் தொகுதியில்லா உறுப்பினர்கள் ஆனார்கள், அதாவது தோற்றாலும் அதிக வாக்கு பெற்ற எதிர்க்கட்சி வேட்பாளர்களுக்குத் தரும் இடம். பன்னிரண்டு பேரால் ஒரு மசோதாவையும் நிறுத்த முடியாது. ஆனால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிங்கப்பூரில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கிடையாது. இந்தியாவில் 2005 முதல் எந்தக் குடிமகனும் ஓர் அரசாங்க அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதிப் போட்டுக் கோப்பைக் கேட்கலாம். இங்கே அந்த வழி இல்லை. அமைச்சு தானாக வெளியிடாத ஓர் எண்ணை நீங்களும் நானும் கேட்டால், தந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. நாடாளுமன்ற உறுப்பினர் முறைப்படி கேட்டால் அமைச்சர் ஏதாவது பதில் சொல்லியே ஆக வேண்டும். 'தர முடியாது' என்பதும் ஒரு பதில்தான், ஆனால் அதையும் அவையில் எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். அதனால்தான் இந்த ஊரில் ஒரு நாடாளுமன்றக் கேள்விக்கு மற்ற இடங்களைவிட மதிப்பு அதிகம் என்கிறேன்.

2020 ஜனவரியில் நடந்தது இதற்கு நல்ல சான்று. வேலைவாய்ப்புக் கணக்கில் 'உள்ளூர்வாசிகள்' என்று ஒரே தொகையாகச் சொல்கிறீர்களே, அதில் குடிமக்கள் எத்தனை, நிரந்தரவாசிகள் எத்தனை என்று பாட்டாளிக் கட்சியின் பிரீத்தம் சிங் கேட்டார். அப்போது வர்த்தக, தொழில் அமைச்சராக இருந்த சான் சுன் சிங், எண்களைத் தரலாம், ஆனால் இந்தக் கேள்வியின் நோக்கம்தான் என்ன என்று திருப்பிக் கேட்டார். அந்த வாக்குவாதத்தைப் பலரும் யார் யாரை மடக்கினார் என்ற கோணத்தில்தான் பார்த்தார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்குப் பின் நடந்தது. கேட்ட பிரிப்பு பின்னர் வெளியிடப்பட்டது. குடிமகன் தன் நாட்டு வேலைச் சந்தையைப் பற்றித் தெரிந்துகொள்ள நினைத்ததற்கு நோக்கம் கேட்கத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பிரிப்பு வெளிவந்ததால் சந்தேகம் குறைந்ததே தவிரக் கூடவில்லை.

நடைமுறையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல் கேள்வி நேரத்தைப் பார்த்தால் பாதி புரியாது. கேள்விக்கு ஏழு முழு நாள்களுக்கு முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஓர் உறுப்பினர் ஓர் அமர்வுக்கு ஐந்து கேள்விகள்வரை கொடுக்கலாம், அவற்றில் மூன்றுக்குத்தான் வாய்மொழிப் பதில் கேட்கலாம். கேள்வி நேரம் ஒன்றரை மணி நேரம். அதற்குள் முறை வராத கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வரும், இல்லாவிட்டால் உறுப்பினர் அடுத்த அமர்வுக்குத் தள்ளிவைக்கலாம். அறிவிப்பில் எழுதும் கேள்வியில் வாதம் இருக்கக்கூடாது, குற்றச்சாட்டு இருக்கக்கூடாது. அதனால்தான் அச்சில் படிக்கும்போது எல்லாக் கேள்விகளும் ஒரே மாதிரி உப்புச்சப்பில்லாமல் தெரிகின்றன. உண்மையான விசாரணை துணைக் கேள்வியில்தான் நடக்கிறது. முதல் பதிலை அமைச்சு பல நாள் உட்கார்ந்து எழுதியிருக்கும். துணைக் கேள்விக்கு அமைச்சர் அங்கேயே நின்று பதில் சொல்ல வேண்டும். ஓர் உறுப்பினர் திறமைசாலியா என்று பார்க்க வேண்டுமானால் அவருடைய துணைக் கேள்வியைப் பாருங்கள்.

கேள்வி நேரம் போக, ஒத்திவைப்புத் தீர்மானத்தில் ஒரே விஷயத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசலாம். வரவு செலவுத் திட்டத்தின்போது ஒவ்வோர் அமைச்சின் ஒதுக்கீட்டிலும் 100 வெள்ளியைக் குறைக்க வேண்டும் என்று தீர்மானம் கொடுப்பார்கள். அந்த 100 வெள்ளி ஓர் அடையாளம் மட்டுமே. அதைச் சொல்லித்தான் அந்த அமைச்சின் கொள்கையைப் பற்றிப் பேச இடம் கிடைக்கிறது.

கேள்வி கேட்பது எதிர்க்கட்சிக்கு மட்டும் உரிய வேலை என்றும் நினைத்துவிடக்கூடாது. 2021 ஜனவரியில், டிரேஸ்டுகெதர் செயலியில் சேரும் விவரங்களைக் குற்ற விசாரணைக்குக் காவல்துறை எடுக்க முடியுமா என்று கேட்டவர் மசெகவின் கிறிஸ்டஃபர் டி சூசா. கிருமித்தொற்றுத் தடமறிதலுக்கு மட்டும்தான் என்று மக்கள் நம்பியிருந்த வேளையில், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் எடுக்க முடியும் என்று பதில் வந்தது. அடுத்த மாதமே, ஏழு வகைக் கடும் குற்றங்களுக்கு மட்டும் என்று வரம்பு கட்டிச் சட்டம் இயற்றினார்கள். ஒரே ஒரு கேள்விதான். குறிப்பாக இருந்ததால் வேலை செய்தது.

சரி, போக்குவரத்துக்கு வருவோம். இதில்தான் சொல்ல அதிகம் இருக்கிறது.

2011 மே தேர்தலில் வீடும் ரயில் நெரிசலும்தான் மக்களின் பெரிய மனக்குறை. வாக்களிப்புக்குச் சில நாள்களுக்கு முன் நடந்த மதிய உணவு நேரப் பிரசாரக் கூட்டத்தில் பிரதமர் லீ சியன் லூங், சரியாகச் செய்யாதவற்றுக்காக மன்னிப்புக் கேட்டார். பல உறுப்பினர்களை ஒரே அணியாகத் தேர்ந்தெடுக்கும் அல்ஜுனிட் குழுத்தொகுதி பாட்டாளிக் கட்சிக்குப் போனது. ஒரு குழுத்தொகுதியை எதிர்க்கட்சி வென்றது அதுவே முதல் தடவை. அதே ஆண்டு டிசம்பர் 15, 17 ஆகிய நாள்களில் வடக்கு-தெற்கு ரயில் தடம் நின்றுபோனது. விசாரணைக் குழு அமைத்து வெளிப்படையாக விசாரித்தார்கள். ரயிலை இயக்கும் எஸ்எம்ஆர்டி நிறுவனத்துக்கு 2 மில்லியன் வெள்ளி அபராதம், ஒரு சம்பவத்துக்கு ஒரு மில்லியன். அப்போதைய சட்டத்தில் அதற்கு மேல் விதிக்க இடமில்லை. இவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு இது ஒரு தண்டனையா என்று அவைக்கு உள்ளேயும் வெளியேயும் கேட்டார்கள். 2014ல் சட்டம் மாறியது. அந்த ரயில் தடத்தின் ஆண்டுக் கட்டண வருமானத்தில் 10 விழுக்காடுவரை அபராதம் போடலாம் என்று ஆனது. 2015 ஜூலை 7ல் வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு தடங்கள் இரண்டும் சேர்ந்து முடங்கியபோது விதித்த அபராதம் 5.4 மில்லியன் வெள்ளி. பழைய சட்டம் இருந்திருந்தால் அந்தத் தொகைக்கு வழியே இல்லை.

பேருந்தைப் பற்றிய வாதம் இதைவிட ஆழமானது. 2012 வரவு செலவுத் திட்டத்தில் 550 பேருந்துகள் வாங்கி ஓட்ட அரசாங்கம் 1.1 பில்லியன் வெள்ளி ஒதுக்கியது. எஸ்பிஎஸ் டிரான்சிட், எஸ்எம்ஆர்டி இரண்டும் அப்போது பங்குச் சந்தையில் இருந்த லாப நிறுவனங்கள். பொதுப் பணத்தில் வாங்கும் பேருந்து தனியார் பங்குதாரருக்கு லாபமாகப் போய்விடாதா என்று பாட்டாளிக் கட்சி உறுப்பினர்கள் கேட்டார்கள். லாப நோக்கமில்லாத தேசியப் போக்குவரத்துக் கழகம் ஒன்று வேண்டும் என்பது 2011லேயே அவர்கள் தேர்தல் அறிக்கையில் இருந்த யோசனை. தேசியமயமாக்கினால் திறன் குறையும், வரி செலுத்துவோர் தலையில் சுமை ஏறும் என்று அரசாங்கம் மறுத்தது.

அதன்பின் நடந்ததைப் பாருங்கள். 2014ல் பேருந்துகளுக்கு ஒப்பந்த முறையை அரசாங்கம் அறிவித்தது. 2016 செப்டம்பரில் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பேருந்து அரசாங்கத்துடையது, கட்டண வருமானம் அரசாங்கத்துக்கு, நிறுவனத்துக்கு ஓட்டுவதற்கான கூலி. அதே ஆண்டு எஸ்எம்ஆர்டியின் ரயில்களையும் சமிக்ஞைச் சாதனங்களையும் நிலப் போக்குவரத்து ஆணையம் ஏறக்குறைய ஒரு பில்லியன் வெள்ளி கொடுத்து எடுத்துக்கொண்டது. அரசாங்க முதலீட்டு நிறுவனமான தெமாசெக் மீதிப் பங்குகளை வாங்கி நிறுவனத்தைப் பங்குச் சந்தையிலிருந்து விலக்கியது. எதிர்க்கட்சி கேட்டதைத்தான் செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கேட்டது ஒரே கழகம், வந்தது ஏலமும் ஒப்பந்தமும். ஆனால் சொத்தும் ஆபத்தும் லாப நிறுவனத்திடம் இருக்கலாமா என்ற கேள்வி 2012ல் அவையில் பதிவாகிவிட்டது, நான்கு வருடங்களில் அரசாங்கமே அந்தக் கேள்விக்கு 'இருக்கக்கூடாது' என்று செயலால் பதில் சொன்னது. கேள்விகள் இப்படித்தான் பழுக்கின்றன. கேட்டவருக்கு நன்றி கிடைக்காது, ஆனால் மாற்றம் வரும்போது அந்த வாதத்தை யாரும் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறாக மிக வேகமாகத் தீர்ந்தது, பேருந்து, ரயில் கட்டணம் செலுத்தும் சிம்பிளிகோ முறை பற்றிய விவகாரம். 2024 ஜூன் 1க்குப் பிறகு பழைய இஸி-லிங்க் அட்டைகள் செல்லாது என்று 2024 ஜனவரி 9ல் அறிவித்தார்கள். புதிய முறையில் அட்டையைத் தட்டும்போது எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மிச்சம் என்று இயந்திரத்தில் தெரியாது. கைப்பேசிச் செயலி பழகாதவர்களுக்கு அது எவ்வளவு பெரிய கவலை என்று யோசித்துப் பாருங்கள். ஜனவரி 22ல் அரசாங்கம் முடிவை மாற்றிக்கொண்டது. பழைய முறையைத் தொடர 40 மில்லியன் வெள்ளி கூடுதலாகச் செலவாகும் என்றது. இதில் உண்மையைச் சொல்ல வேண்டும். முடிவை மாற்றவைத்தது மக்களின் எதிர்ப்பு. நாடாளுமன்றம் கூடியது அதற்குப் பிறகு, பிப்ரவரியில். ஆனால் ஏன் இப்படி நடந்தது என்று அப்போதைய போக்குவரத்து அமைச்சர் சீ ஹொங் டாட் விளக்கம் சொல்ல வேண்டிய இடம் நாடாளுமன்றம்தான். எதிர்ப்பு அடங்கிய பிறகு கணக்குக் கேட்க ஓர் இடம் வேண்டும்.

2024 செப்டம்பர் 25ல் கிளமெண்டி அருகே ஒரு பழைய ரயிலின் அச்சுப்பெட்டி (சக்கர அச்சைத் தாங்கும் பாகம்) கழன்று விழுந்து தண்டவாளம் சேதமாகி, ஜூரோங் ஈஸ்ட்டுக்கும் புவன விஸ்தாவுக்கும் இடையே ஆறு நாள் சேவை முடங்கியது. வேலைக்குப் போகிறவர்களும் தேர்வுக்குப் போகிற பிள்ளைகளும் பட்ட பாட்டை அந்தப் பக்கம் குடியிருக்கும் எவரும் சொல்வார்கள். இந்தச் சமயத்தில் 'பயணிகளின் சிரமத்துக்கு அமைச்சு என்ன செய்யப் போகிறது' என்று கேட்டால், வருந்துகிறோம், ஆராய்கிறோம் என்றுதான் பதில் வரும். எந்தக் கேள்வி உதவும் என்பதை அடுத்த ஆண்டு வந்த விசாரணை அறிக்கையே காட்டிவிட்டது. அச்சுப்பெட்டியை 5 லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முழுமையாகப் பிரித்துப் பராமரிக்க வேண்டும் என்பது தயாரிப்பாளரின் பரிந்துரை. அந்த இடைவெளியை எஸ்எம்ஆர்டி படிப்படியாக 7.5 லட்சம் கிலோமீட்டர்வரை நீட்டியிருந்தது. ஆகவே கேட்க வேண்டியது: எந்தெந்தப் பாகத்துக்குப் பராமரிப்பு இடைவெளி நீட்டப்பட்டிருக்கிறது, எந்த ஆய்வின் அடிப்படையில், ஆணையத்துக்குத் தெரியுமா, இன்று எத்தனை ரயில்கள் பழைய வரம்பைத் தாண்டி ஓடுகின்றன? இந்த நான்கில் எதற்கும் 'ஆராய்கிறோம்' என்று சொல்லித் தப்ப முடியாது.

சராசரிகளிடமும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ரயில் நம்பகத்தன்மைக்கு அரசாங்கம் பயன்படுத்தும் அளவு, ஐந்து நிமிடத்துக்கு மேல் தாமதம் உண்டாக்கும் கோளாறுகளுக்கு இடையே ரயில்கள் ஓடும் தூரம். இலக்கு பத்து லட்சம் கிலோமீட்டர். அது கோளாறுகளை எண்ணுகிறது, அவை எவ்வளவு நேரம் நீடித்தன என்பதை எடைபோடுவதில்லை. ஆறு நிமிடத் தாமதமும் ஆறு நாள் முடக்கமும் அதில் தனித்தனியாக ஒவ்வொன்றுதான். அந்த அளவு தவறானது என்று சொல்லவில்லை. பயணியின் நேரத்தை அது அளக்கவில்லை, அதை அளக்கும் எண்ணையும் உறுப்பினர்கள் கேட்டு வாங்க வேண்டும்.

வீட்டு விவகாரத்துக்கு ஒரு பழைய கதை இருக்கிறது, நம் தமிழர்களுக்கு நெருக்கமானது. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஜே.பி. ஜெயரத்னம் 1981 அக்டோபரில் ஆன்சன் இடைத்தேர்தலில் வென்றபோதுதான், 1966க்குப் பிறகு முதன்முறையாக ஓர் எதிர்க்கட்சி உறுப்பினர் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தார். அந்த வெற்றிக்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று வீடு. பிளேர் பிளேனில் துறைமுக ஊழியர் குடியிருப்புகளைக் கொள்கலன் முனைய வேலைக்காகக் காலி செய்யச் சொன்னார்கள், வீவக வீடு ஒதுக்குவதில் அவர்களுக்கு முன்னுரிமை தரவில்லை. அந்தக் குடும்பங்களின் கோபம் வாக்குப் பெட்டியில் தெரிந்தது.

இன்றைய வாதம் நில விலையைப் பற்றியது. 2023 பிப்ரவரியில் சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சியின் லியோங் மன் வாய், ஹேசல் புவா இருவரும் பொது வீடமைப்பைப் பற்றித் தீர்மானம் கொண்டுவந்தார்கள். புதிய வீட்டின் விலையில் நிலத்தின் விலையைச் சேர்க்காதீர்கள், வீட்டை விற்கும்போது மட்டும் அதை வசூலியுங்கள் என்பது அவர்கள் யோசனை. அரசாங்கத்தின் பதில்: வீவக நிலத்தைச் சந்தை மதிப்பில் வாங்குகிறது, அந்தப் பணம் நாட்டின் இருப்பு நிதிக்குப் போகிறது. நிலத்தை மலிவாகக் கொடுத்தால் இருப்பு நிதியில் கைவைத்ததாகும், இழப்பு அடுத்த தலைமுறைக்கு. இரண்டு நாள் விவாதம் நடந்தது. தீர்மானம் நிறைவேறவில்லை, அது முன்பே தெரிந்ததுதான். ஆனால் வீட்டு விலையில் நிலம் எப்படிக் கணக்கிடப்படுகிறது, மானியம் எங்கே நுழைகிறது, பணம் எங்கே போகிறது என்று அரசாங்கம் அவ்வளவு விரிவாக விளக்கியதை நான் அதற்கு முன் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. முன்னேற்றக் கட்சியின் திட்டம் எனக்கு முழுமையாக ஏற்புடையது இல்லை. மறுவிற்பனைச் சந்தையில் அது என்ன செய்யும் என்பதற்கு அவர்களிடம் வலுவான பதில் இல்லை என்று நினைக்கிறேன். இருந்தாலும் முதல் வீடு வாங்கும் ஒவ்வொரு இளம் தம்பதியும் படிக்க வேண்டிய விவாதம் அது.

திருமணமாகாதவர்களின் விஷயத்தில் மாற்றம் மெதுவாக வந்தது. 35 வயதான ஒற்றையர்கள் புதிய ஈரறை வீடு வாங்க 2013ல்தான் வழி பிறந்தது, அதுவும் முதிர்ச்சியடையாத, அதாவது புதிதாக வளர்ந்துவரும் பேட்டைகளில் மட்டும். எந்தப் பேட்டையிலும் வாங்கலாம் என்று ஆனது 2024ல். 35 என்ற வயதை 28க்கு இறக்குங்கள் என்று பாட்டாளிக் கட்சி கேட்டுக்கொண்டே வந்திருக்கிறது. வயதான பெற்றோரைப் பார்த்துக்கொண்டு, தனக்கென ஓர் அறை இல்லாமல் இருக்கும் முப்பது வயதுக்காரருக்கு அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்க ஒருவர் வேண்டும்.

பொதுச் சேவைகளில் நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். எதிர்க்கட்சி வென்ற தொகுதியில் நகர மன்றத்தை அந்தக் கட்சி நடத்துகிறது. ஆனால் கூரையிட்ட நடைபாதை, சாய்தளம் போன்ற சமூக மேம்பாட்டுத் திட்டங்களுக்கான அரசாங்க நிதி, குடிமக்கள் ஆலோசனைக் குழு என்ற அடித்தள அமைப்பின் வழியாகத்தான் வருகிறது. அங்கே அடித்தள ஆலோசகராக இருப்பவர் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் இல்லை. 1997 தேர்தலில் வீடமைப்பு மேம்பாட்டுக்கான முன்னுரிமையே வாக்குகளோடு இணைக்கப்பட்டது. எதிர்க்கட்சி வென்ற பொத்தோங் பாசிரும் ஹவ்காங்கும் வரிசையில் பின்னுக்குப் போயின. சக்கர நாற்காலியில் இருப்பவர் எந்தக் கட்சிக்கு வாக்களித்தார் என்பது சாய்தளத்துக்குத் தேவையில்லாத விவரம். இதை நான் ஏற்கவே மாட்டேன், எதிர்க்கட்சி இதைக் கேட்பதை நிறுத்தவும் கூடாது.

வீணாகும் கேள்விகள் எப்படி இருக்கும் என்றும் சொல்ல வேண்டும். 'அமைச்சு பரிசீலிக்குமா' என்று முடியும் கேள்விகளில் பெரும்பாலானவை செத்துவிடுகின்றன. பரிசீலிப்போம் என்று ஒரு சொல்லில் பதில் முடிந்துவிடும். செய்தியில் வந்ததை அப்படியே திருப்பிக் கேட்பதும் அப்படித்தான். அரசாங்கப் பக்கமும் சில பழக்கங்கள் உண்டு. இருபது கேள்விகளைச் சேர்த்து ஒரே பதில் சொல்வது, கேட்ட எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் வேறொரு எண்ணைத் தருவது, அந்தத் தரவைச் சேகரிப்பதில்லை என்பது, உங்கள் மாற்றுத் திட்டம் என்ன என்று திருப்பிக் கேட்பது. கடைசியாகச் சொன்னது ஓரளவு நியாயம்தான். ஆனால் அமைச்சருக்குப் பின்னால் ஓர் அமைச்சே இருக்கிறது. ஓர் உறுப்பினருக்குச் சட்டமன்ற உதவியாளர் ஒருவரையும் செயலக உதவியாளர் ஒருவரையும் அமர்த்தத்தான் படித்தொகை கிடைக்கிறது. 2020ல் எதிர்க்கட்சித் தலைவர் பொறுப்பை முறைப்படி உருவாக்கியபோது அவருக்குக் கூடுதலாக மூன்று உதவியாளர்களுக்கு இடம் தந்தார்கள். மாற்றுத் திட்டம் வேண்டும் என்றால் அதைத் தயாரிக்கத் தரவும் வேண்டும், கேள்வி கேட்பதே அதற்குத்தான்.

மறுக்கப்பட்ட கோரிக்கை பிறகு நிறைவேறியதற்கு இன்னோர் எடுத்துக்காட்டு, நாடாளுமன்ற நேரலை. பாட்டாளிக் கட்சியின் லியோன் பெரேரா கேட்டபோது அதற்குப் பெரிய தேவை இல்லை என்றார்கள். 2021 ஜனவரியிலிருந்து அமர்வுகள் நேரலையாக வருகின்றன. தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு, தமிழிலேயே பேசும் உறுப்பினர்களும் உண்டு.

ஆகவே உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தொகுதி உறுப்பினர் எந்தக் கட்சியானாலும், குறையை எழுதும்போது பேருந்து எண், நிறுத்தம், தேதி, எத்தனை நிமிடம் காத்திருந்தீர்கள் என்று எழுதுங்கள். வீட்டு விண்ணப்பமானால் எந்த விற்பனை நடவடிக்கை, எத்தனையாவது முயற்சி, என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள். 'சேவை மோசம்' என்ற கடிதத்தை வைத்து எந்த உறுப்பினராலும் துணைக் கேள்வி கேட்க முடியாது. பதில் வந்த பிறகு நாடாளுமன்ற இணையத்தளத்தில் ஹன்சார்ட் என்ற அவைப் பதிவேட்டில் அதைத் தேடிப் படியுங்கள். அமைச்சர் ஒரு காலக்கெடு சொல்லியிருந்தால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலக்கெடு முடிந்த மாதம் மறுபடியும் உறுப்பினருக்கு எழுதி, முந்தைய பதிலின் தேதியைக் குறிப்பிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்கச் சொல்லுங்கள்.